சிக்கனமும் உலோபமும்: பகாமாக் கடலில் ஒரு தூண்டிற் பயணம்

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. முன்னது வேண்டாத செலவை விலக்கும் அறிவு. பின்னது வேண்டிய செலவையும் மறுக்கும் நோய். இரண்டும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படுவதால், ஒன்றை மற்றொன்றென மயங்குவார் பலர். பொழுதுபோக்குக்காகச் செய்யும் பயணங்களில் இம்மயக்கம் மேலும் மிகுகின்றது.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்களுள் தூண்டில் விளையாட்டிலே நாட்டமுடைய நண்பர் சிலர், "பகாமாத் தீவுகளுக்குச் சென்று போன்பிஷ் பிடித்து வருவதற்குக் குறைந்த செலவில் வழியுண்டா?" என்று என்னை வினவியதுண்டு. கல்லூரியின் வரலாறும் அதிபர்களின் தொண்டும் பேசப்படும் விழா மலரிலே மீன்பிடியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் கருதக்கூடும். ஆயினும், கையிலுள்ள சிறு பணத்தை எங்கே செலவிடலாம், எங்கே மறுக்கலாம், எங்கே மறுத்தலாகாது என்னும் வினா எல்லோர்க்கும் பொதுவானது. அதற்கு விடையை இவ்விளையாட்டு எனக்கு நன்கு கற்பித்தது. ஆகவே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் இம்மீனைப் பற்றிச் சில சொற்கள். போன்பிஷ் என்பதற்கு எலும்பு மீன் என்பது பொருள். நுண்ணிய முட்கள் நிறைந்தமையால் அப்பெயர் பெற்றது. அத்திலாந்திக்குக் கடலின் வெப்பப் பகுதிகளில் வாழும் முக்கிய இனத்துக்கு லின்னேயஸ் 1758இல் இட்ட சிறப்புப் பெயர் 'வல்பிஸ்' என்பதாகும். இலத்தீன் மொழியிலே அது நரியைக் குறிக்கும். பெயருக்கேற்ப மிக்க எச்சரிக்கையுடைய மீன் இது. உடல் வெள்ளிக் கண்ணாடிபோல் மின்னுவதால் வெண்மணலின் மேல் நிற்கும்போது மீன் தெரிவதில்லை. அதன் நிழலே தெரியும். நம்மவர் பரவைக்கடல் என்று வழங்குவதைப் போன்ற ஆழங்குறைந்த கடல்வெளிகளுக்கு, நீர் பெருகும்போது இவை கூட்டங் கூட்டமாக வந்து மணலைக் கிளறி இறாலையும் நண்டையும் புழுவையும் உண்ணும். தலை கீழாகவும் வால் நீருக்கு மேலாகவும் நின்று அவை மேயும் காட்சி காண்போர் உள்ளத்தைக் கவர்வது.

இதனைப் பிடிக்கும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. இறகு, மயிர், நூல் முதலியவற்றைத் தூண்டில் முள்ளிலே கட்டிச் செய்யும் போலியிரையை ஆங்கிலத்தில் 'பிளை' என்பர். அதற்குப் பாரமில்லை. ஆதலால், பாரமுள்ள தடித்த நூலைக் கோலினால் முன்னும் பின்னும் வீசி, அந்நூலின் விசையாலே இரையைக் கொண்டுசேர்த்தல் வேண்டும். முழங்காலளவு நீரிலே நடந்து, மீனைக் கண்ணாற் கண்டு, அதன் பாதையில் சற்று முன்னே இரையை வைத்தல் வேண்டும். தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருப்போருக்கு உரிய விளையாட்டன்று இது. தேடிச் சென்று கண்டடைவோருக்கே உரியது.

இனிச் செலவைப் பார்ப்போம். இவ்விளையாட்டு செல்வர்க்கே உரியதென்ற எண்ணம் பரவியிருப்பதற்குக் காரணமுண்டு. பகாமாவில் உள்ள தூண்டிலாளர் விடுதிகளில் உணவும் படகும் வழிகாட்டியும் சேர்த்து ஒரு கிழமைக்குப் பெரும்பாலும் 4,000 அமெரிக்க டொலருக்கு மேற்படும். புதிய கோலொன்றின் விலை 1,000 டொலரை எட்டுவதும் உண்டு. இவற்றைக் கேட்டு மனமொடிந்து, 'இது நமக்காகாது' என்று விலகுவோர் பலர். அவ்வாறு விலக வேண்டியதில்லை என்பதே என் கருத்து. மேற்கூறிய செலவிற் பெரும்பகுதி வசதிக்கே உரியது, விளையாட்டுக்கு உரியதன்று.

முதலாவது சிக்கனம் இடத் தெரிவிலே உள்ளது. 700க்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பகாமாவில் அன்றோஸ் தீவே போன்பிஷ்ஷுக்குப் பெயர்பெற்றது. ஆயினும் அங்குள்ள சிறந்த இடங்கள் பலவற்றுக்குப் படகின்றிச் செல்ல இயலாது. சிக்கனப் பயணிக்கு ஏற்றவை வீதியிலிருந்து இறங்கிக் கடலுக்குள் நடந்து செல்லத்தக்க தீவுகளாம். அவற்றுள் நான் அறிந்தது லோங் ஐலன்ட். நம் நாட்டு நெடுந்தீவின் பெயரையே பொருளாகக் கொண்ட அத்தீவு, ஏறக்குறைய 80 மைல் நீளமும் மிகக் குறைந்த அகலமும் உடையது. ஒரே நெடுஞ்சாலை அதன் நீளம் முழுவதும் செல்கின்றது. கிழக்கே அத்திலாந்திக்குப் பேரலைகள் மோதும் பாறைக்கரை. மேற்கே அமைதியான, ஆழங்குறைந்த வெண்மணற் கடல். தெற்கே கைவிடப்பட்ட உப்பளமொன்றின் வாய்க்கால்களிலும் இம்மீன் உலாவுவதுண்டு. ஆனையிறவு உப்பளத்தைக் கண்ட நம்மவர்க்கு அக்காட்சி புதியதன்று.

ரொறன்ரோவிலிருந்து தலைநகர் நாசோவுக்கு விமானத்திற் சென்று, அங்கிருந்து சிறு விமானத்திலே தீவை அடையலாம். நேரமுடையோர் நாசோவின் பொற்றர்ஸ் கே துறையிலிருந்து புறப்படும் தபாற் கப்பலிலும் செல்லலாம். கட்டணம் குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். சமையலறையுள்ள சிறு வீடொன்றையும் பழைய மோட்டார் வண்டியொன்றையும் நண்பர் மூவர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் செலவு மூன்றிலொன்றாகும். உணவுப் பண்டங்கள் பெரும்பாலும் இறக்குமதியாவன. ஆதலால் விலை அதிகம். துவரையும் அரிசியும் சேர்த்துச் சமைக்கும் சோறு அந்நாட்டவரின் அன்றாட உணவு. நமக்கும் நன்கு பொருந்துவது. ஆனால் அதிலே பன்றியிறைச்சித் துண்டுகள் சேர்ப்பது வழக்கமாதலால், சைவ உணவினர் கேட்டறிந்து உண்ணுதல் நன்று.

இரண்டாவது சிக்கனம் காலத் தெரிவு. ஆடி முதல் புரட்டாதி வரையிலான மாதங்களில் வாடகைகள் குறையும். ஆனால் அதுவே வெப்பமும் புயலும் மிகும் காலம். 2015 ஒக்ரோபரில் ஜோக்கின் என்னும் சூறாவளி லோங் ஐலன்ட்டைத் தாக்கிப் பேரழிவு விளைத்ததை அத்தீவார் மறந்திலர். தை மாதத்தில் வடகாற்று வீசிக் கடல் குளிர்ந்தால் மீன் ஆழத்துக்குச் சென்றுவிடும். சித்திரை, வைகாசி மாதங்களே விலையும் வானிலையும் ஓரளவு ஒத்துவரும் காலமென்பேன். மாதத்தைத் தெரிந்தபின் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்தல் வேண்டும். பெருக்கின் நேரம் நாடோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்துகின்றது. பூரணைக்கும் அமாவாசைக்கும் அண்மையில் ஏற்ற இறக்கம் மிகும். காலையிலே நீர் வற்றி, முற்பகலிற் சூரியன் உயரும்போது பெருகத் தொடங்கும் நாட்கள் நடந்து தேடுவோருக்குச் சிறந்தவை. இதனை வீட்டிலிருந்தே கணித்துக்கொள்ளலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மூன்றாவது சிக்கனம் கருவிகளிலே உள்ளது. ஒன்பது அடி நீளமுள்ள, எட்டாம் எண் பாரத்துக்குரிய கோலொன்று போதும். நடுத்தர விலையில் வாங்கினாலும் அது பல்லாண்டு உழைக்கும். ரீலிலே உப்பு நீரைத் தாங்கும் நல்ல தடையும், 150 யாருக்குக் குறையாத அடிநூலும் இருத்தல் அவசியம். ஏனெனில் முள் தைத்தவுடன் இம்மீன் நூறு யார் ஓடினும் ஓடும். போலியிரைகள் ஐந்தாறு வகை போதும். அவற்றை இரவு வேளைகளில் வீட்டிலே கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒளித்தெறிப்பை நீக்கும் கண்ணாடியிற் சிக்கனம் பார்த்தலாகாது. அஃதின்றேல் நீர்ப்பரப்பின் பளபளப்பே தெரியும், மீன் தெரியாது. ஆயிரம் டொலர்க் கோலுடன் மலிவுக் கண்ணாடி அணிந்து வருபவனிலும், மலிவுக் கோலுடன் நல்ல கண்ணாடி அணிந்து வருபவன் பயன் பெறுவான். சுண்ணச் சேற்றிற் புதையாத காலணியும் வேண்டும். மணலில் மறைந்து கிடக்கும் திருக்கையை மிதியாமலிருக்கக் காலைத் தூக்கி வைக்காது இழைத்து நடத்தலும் வேண்டும்.

நான்காவது பயிற்சி. இதுவே எல்லாச் சிக்கனங்களிலும் தலையாயது. மைதானத்திலே தொப்பியொன்றை வைத்து, நாற்பது அடி தூரத்திலிருந்து, எதிர்க்காற்றில், இரண்டு வீச்சுக்குள் அதனருகே நூலை விழச்செய்யப் பழகுதல் வேண்டும். மீன் கடித்தவுடன் கோலை மேலே தூக்குவது நன்னீர்த் தூண்டிலாளரின் வழக்கம். இங்கே அது தவறு. கோலைத் தாழ்த்தி வைத்தே இடக்கையால் நூலை இழுத்தல் வேண்டும். மாதக்கணக்கிற் பழகியவனுக்கு ஏழு நாட் பயணம் ஏழு நாளாகவே பயன்படும். பழகாதவனுக்கு முதல் நான்கு நாட்களும் பயிற்சிக்கே கழியும். அப்பயிற்சிக்கு விமானச் சீட்டு எதற்கு?

இதுவரை கூறியன சிக்கனம். இனி உலோபத்துக்கு வருவோம். அதற்கு என்னையே உதாரணமாகக் காட்டுதல் முறை.

முதன்முறை அத்தீவுக்குச் சென்றபோது வழிகாட்டி எவரையும் அமர்த்துவதில்லை என்று உறுதி பூண்டேன். ஒரு நாளுக்கு 500 முதல் 700 டொலர் வரை கேட்பார்கள் என்று அறிந்திருந்தேன். தேசப்படத்தைப் படித்தவனுக்கு வழிகாட்டி எதற்கு என்ற செருக்கும் இருந்தது. நான்கு நாட்கள் காலை முதல் மாலை வரை நடந்தேன். மீனைக் காணவில்லை, கண்டபோது அது என்னை முன்னரே கண்டுவிட்டிருந்தது. ஐந்தாம் நாள், வெட்கத்தை விட்டு, ஊரிலே முதியவர் ஒருவரை அமர்த்தினேன். நீண்ட கோலை ஊன்றிப் படகைத் தள்ளியபடி, மணிக்கூட்டின் முகத்தை நினைவிற் கொள்ளச் சொல்லி, "பதினொரு மணிப் பக்கம், நாற்பது அடி" என்றார். நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. "மீனைப் பார்க்காதீர்; அடிமணலைப் பாரும்; அசைவது எதுவோ அதுவே மீன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலே என் கண் திறந்தது. அன்று முற்பகலிலேயே மூன்று மீன்கள் கிடைத்தன. அடுத்த இரண்டு நாட்களும் தனியே நடந்தபோதும் மீன்கள் என் கண்ணுக்குத் தெரிந்தன. நான்கு நாட்களை வீணாக்கி நான் மிச்சம் பிடித்தது என்ன?

ஒரு படகிலே இருவர் ஏறி, முறைவைத்து வீசலாம். கட்டணத்தை இருவரும் பகிர்ந்தால் பாதியாகும். ஆதலால் பயணத்தின் முதல் நாளில், கடைசி நாளில் அன்று, வழிகாட்டியை அமர்த்துக என்பதே என் முடிந்த கருத்து. அது பள்ளிக் கட்டணம் போன்றது. பள்ளிக் கட்டணத்தைப் பரீட்சை முடிந்தபின் கட்டுவார் உண்டோ?

வழிகாட்டியை வெறும் படகோட்டி என்று எண்ணுதல் பெரும் பிழை. இவ்விளையாட்டின் அறிவிற் பெரும்பகுதி அவர்களிடமிருந்தே வந்தது. உலகெங்கும் போன்பிஷ்ஷுக்குப் பயன்படும் 'கிறேசி சார்லி' என்னும் போலியிரை 1977இல் அன்றோஸ் தீவிலே தோன்றியது. அதனைக் கட்டியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பொப் நோகைம். பெயர் தந்தவர் அவருக்கு வழிகாட்டிய சார்லி சிமித். பிமினித் தீவிலே அன்சில் சோண்டர்ஸ் என்னும் வழிகாட்டி தம் கையாலே படகு கட்டுவதிலும் வல்லவர். 1964இல் மார்ட்டின் லூதர் கிங் நோபெல் பரிசு ஏற்புரையைச் சிந்திக்க அமைதி நாடி அங்கு வந்தபோது, அவரைக் கண்டற் காட்டினூடே தம் படகிலே அழைத்துச் சென்றவர் அவரே. 1968இலும் கிங் அங்கு வந்து அவருடன் சென்றார். உலகம் போற்றிய பெரியார் ஒருவர் மௌனத்தைத் தேடியபோது அவருக்கு அவ்விடத்தைக் காட்டத் தெரிந்தவர் ஒரு மீன் வழிகாட்டி என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கே ஒரு வழக்கையும் எடுத்துரைத்தல் வேண்டும். 2015இல் பகாமா அரசு ஆழங்குறைந்த கடல்வெளி மீன்பிடிக்கான சட்ட வரைபொன்றை வெளியிட்டபோது, தனித்து மீன்பிடிக்கும் வெளிநாட்டார் பலர் தம்மை விலக்கவே அது வந்ததென்று கொதித்தெழுந்தனர். உள்ளூர் வழிகாட்டிகளோ, தம் கடலிலே பிறர் ஒரு சதமும் விடாது விளையாடிச் செல்கின்றனர் என்று முறையிட்டனர். ஈற்றில் 2017இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. தனித்துப் பிடிப்பது தடைசெய்யப்படவில்லை. வெளிநாட்டார் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும் என்றாயிற்று. அவ்விதிகள் ஒரு கிழமைக்குக் குறித்த கட்டணம் 20 டொலர். இதனையும் பெருஞ் சுமையெனப் பேசியவர் உண்டு.

நானும் தனித்துப் பிடிப்பவனே. எனினும் இவ்வழக்கில் என் மனம் ஊராரின் பக்கமே சாய்கின்றது. 2010இல் வெளியான மதிப்பீடொன்று இவ்விளையாட்டால் பகாமா ஆண்டுதோறும் பெறும் பயனை 14 கோடி 10 இலட்சம் டொலர் என்றது. 2018இன் மதிப்பீடு அதனை 16 கோடி 90 இலட்சம் என்றது. வேறு தொழில் குறைந்த வெளித்தீவுகளில் வழிகாட்டியின் கூலி ஒரு குடும்பத்தின் சோறு. பிள்ளையின் பள்ளிச் செலவு. அக்கூலி கிடைக்கும்வரை ஊரார் கண்டலை வெட்ட விடமாட்டார். வலை வீசுவோரைத் தடுப்பர். கிடைக்காதொழிந்தால் அவர்கள் ஏன் காக்க வேண்டும்? ஆகவே தனித்துச் செல்லும் சிக்கனப் பயணி அனுமதிப்பத்திரத்தைத் தவறாது பெறுக. ஊர்க் கடையிலே பொருள் வாங்குக. ஊராரின் வீட்டிலே தங்குக. ஒரு நாளேனும் ஊர் வழிகாட்டிக்கு உரிய கூலி கொடுக்க. இவற்றை மறுத்து மிச்சம் பிடிப்பது உலோபம்.

இறுதியாக, இந்துக் கல்லூரியிற் பயின்ற நம்மவர் எழுப்பக்கூடிய வினாவொன்று உண்டு. உண்ணாத மீனைப் பிடித்து வருத்தி மீண்டும் விடுவது அறமாகுமா? வினா நியாயமானது, அதனைச் சிரித்துத் தள்ளுதல் தகாது. பெலிஸ் நாடு 2009இலும், புளோரிடா 2013இலும், இம்மீனைப் பிடித்தால் விடவே வேண்டுமெனச் சட்டம் செய்தன. அதனால் மீன் பிழைக்கும் வாய்ப்பு உண்டாயிற்று. ஆனால் விடுவதெல்லாம் பிழைப்பதில்லை. 2007இல் வெளியான ஆய்வொன்று, விடப்பட்டபின் சமநிலை இழந்து தடுமாறும் மீன்கள் வேட்டை மீன்களுக்கு இரையாகும் அபாயம், தடுமாறாதவற்றிலும் ஆறு மடங்குக்கு மேற்பட்டது எனக் காட்டியது.

இதனை நான் ஆய்விலே படிக்குமுன் கண்ணாலே கண்டேன். இரண்டாம் பயணத்தில் நான் பிடித்த மிகப் பெரிய மீனைப் படம் பிடிக்கவேண்டுமென நீருக்கு மேலே தூக்கி வைத்திருந்தேன். நண்பரின் கமராவில் ஏதோ கோளாறு. இன்னொரு முறை, இன்னொரு முறை என நேரம் கடந்தது. விட்டபோது மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்திற்று. இருபது யார் தூரத்திலே சிறு சுறா ஒன்று வந்தது. நீர் ஒருமுறை கலங்கிச் சிவந்து தெளிந்தது. அம்மீன் இருபது ஆண்டு வரை வாழக்கூடிய இனத்தைச் சேர்ந்தது. அதன் உயிருக்கு நான் பெற்ற விலை ஒரு படம். அப்படம் என்னிடம் இப்போது இல்லை, அழித்துவிட்டேன்.

அன்றிலிருந்து சில நியமங்களைக் கைக்கொண்டேன். முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுவேன். மீனை நீண்ட நேரம் களைக்கவிடாது விரைவில் அணைப்பேன். கையை நனைத்து, மீன் நீருக்குள் இருக்கவே முள்ளைக் கழற்றுவேன். சுறா உலாவும் இடத்திலே தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். நாளொன்றுக்கு மூன்று மீனுக்கு மேல் பிடிப்பதில்லை. அதன்பின் கரையிலிருந்து பார்ப்பதே இன்பம். இவையெல்லாம் குற்றத்தை முற்றாக நீக்கும் என்று நான் வாதிடமாட்டேன். விளையாட்டையே விட்டுவிடுபவர் என்னிலும் உயர்ந்தவர். விட இயலாத என்போன்றோர் செய்யக்கூடியது, பிறவுயிரின் செலவிலே நம் இன்பத்தைப் பெருக்காதிருத்தலே. எண்ணிக்கையிலே காட்டும் சிக்கனமே இவ்விளையாட்டில் அறத்துக்கு மிக அண்மையிலுள்ள சிக்கனம்.

தொகுத்துரைப்பின்: விடுதியின் மெத்தையையும் கோலின் விலையையும் படங்களின் பெருமையையும் குறைத்துக்கொள்க. பயிற்சியையும் பொறுமையையும் வற்றுப்பெருக்கின் அறிவையும் கூட்டிக்கொள்க. ஊராரின் கூலியிலும் சட்டத்தின் கட்டணத்திலும் மீனின் உயிரிலும் கைவைக்காதீர். இவ்வாறு திட்டமிட்டால் விடுதிக்குச் செல்வோர் செலவிற் பாதிக்கும் குறைவாகப் பயணத்தை முடிக்கலாம். நாணமின்றித் திரும்பியும் வரலாம்.

நம் கல்லூரியின் இன்றைய மாணவருள் ஒருவரேனும் பிற்காலத்தில் அவ்வெண்மணற் கடலிலே நிற்கக்கூடும். அவர் முதலில் மீனைத் தேடாது அடிமணலைப் பார்ப்பாராக. அந்த வித்தையை எனக்குச் சொல்லித் தந்த முதியவர் ஒரு நாட் கூலிக்கே அதனைத் தந்தார். அதனினும் மலிவாக நான் வாங்கிய பொருள் வேறொன்றுமில்லை.